ஆப்பிரிக்கா சஃபாரி: நாம் கட்டுகிற காசு அந்த ஊர் மக்களுக்குப் போய்ச் சேருகிறதா?

மலைக்கோட்டை செந்தில்

நண்பர்களுக்கு வணக்கம். அடுத்த வருடம் ஜூலை கடைசியில் நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள் மூவரும் ஆப்பிரிக்கா போவதாக இருக்கிறோம். கென்யாவா, நமீபியாவா, உகாண்டாவா என்று இன்னும் முடிவாகவில்லை. பல வருடச் சேமிப்பு. இன்னொரு தடவை போக வாய்க்குமா தெரியாது.

ஏஜென்ட் அனுப்பிய எல்லாத் திட்டங்களிலும் "கம்யூனிட்டி லாட்ஜ்", "கம்யூனிட்டி விசிட்" என்று போட்டிருக்கிறது. மகள் விடாமல் கேட்கிறாள்: "சிங்கம் திரியிற இடத்துலயே ஆடு மாடு வச்சிப் பிழைக்கிறவங்களுக்கு இதுல என்னப்பா கிடைக்கும்?" ஏஜென்டைக் கேட்டால், "எல்லாம் அவங்களுக்குத்தான் சார் போகுது" என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

நேரில் போனவர்கள், அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். எங்கே ஊர் மக்களுக்கு உண்மையிலேயே பங்கு இருக்கிறது? எதை வைத்து அதைத் தெரிந்துகொள்வது?

---

கலைவாணி

செந்தில் சார், கென்யாவைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மசாய் மாரா என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. நடுவில் இருக்கும் தேசியக் காப்பகம் நரோக் மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. வெளிநாட்டவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர், மற்ற மாதங்களில் 100. அதை ஒட்டி வடக்கிலும் கிழக்கிலும் இருக்கும் கன்சர்வன்சிகள், அதாவது ஊர் மக்கள் சேர்ந்து வனவிலங்குக்காக ஒதுக்கிய பகுதிகள், மசாய் குடும்பங்களின் பட்டா நிலம். முன்பு ஊர்ப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துப் பட்டா கொடுத்தார்கள். பிரித்ததும் வேலி போடுவார்கள், விற்பார்கள், விலங்குகளுக்கு வழி அடைபடும் என்ற நிலை வந்தது. அப்போதுதான் பக்கத்துப் பக்கத்துப் பட்டாதாரர்கள் சேர்ந்து நிலத்தை மொத்தமாக முகாம்களுக்குக் குத்தகைக்கு விட ஆரம்பித்தார்கள். ஓல் கின்யெய் 2005-லும் நபோய்ஷோ 2010-லும் இப்படி வந்தவை.

இதில் எனக்குப் பிடித்தது குத்தகை முறை. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும், பட்டாதாரரின் வங்கிக் கணக்கில் நேராக விழுகிறது. ஊர்ப் பெரியவர் கை வழியாகப் போவதில்லை. முகாம்களின் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு உண்டு, ஒரு கூடாரத்துக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் என்று கணக்கு. அதனால் ஒரு சிறுத்தையைச் சுற்றி முப்பது வண்டி நிற்கும் கொடுமை அங்கே கிடையாது.

நாங்கள் தங்கிய இடத்தில் சாயங்காலம் மாட்டுக் கூட்டம் ஒன்று முகாமுக்கு எதிரிலேயே போனது. சில வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு முகம் சுளித்தது, "காட்டில் மாடா?" என்று. எங்கள் வழிகாட்டி அதே ஊர்க்காரர். "இது எங்க அப்பாவோட நிலம். இந்தப் பகுதியில இந்த மாசம் மேய்ச்சல் முறை" என்றார். எவ்வளவு நிமிர்வோடு சொன்னார் தெரியுமா?

---

விண்ட்ஹுக் வாசி

செந்தில் அண்ணே, நான் நமீபியாவில் கணக்குத் தணிக்கை வேலை செய்கிறேன். வடமேற்கில் குனேனே பக்கம் அடிக்கடி போய்வருபவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எப்படி ஆரம்பித்தது என்று தெரிந்தால்தான் இன்றைக்கு லாட்ஜ் காசில் ஊருக்குப் போகும் பங்குக்கு அர்த்தம் புரியும். தென்னாப்பிரிக்க ஆட்சிக் காலத்துச் சட்டப்படி, வெள்ளைக்காரப் பண்ணையாருக்குத் தன் நிலத்தில் திரியும் ஓரிக்ஸ், குடு, ஸ்பிரிங்பாக் மான்கள் மேல் உரிமை உண்டு. அடிக்கலாம், விற்கலாம், வேட்டைக்கு விடலாம். கறுப்பின மக்கள் வாழ்ந்த பொதுநிலத்துக்குள் அதே மான் வந்தால் அது அரசாங்கத்துச் சொத்து. யானை தண்ணீர்த் தொட்டியை உடைத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு மான் அடித்தால் சிறை. அப்படியிருந்தால் அந்த விலங்கு இருந்தால் என்ன போனால் என்ன என்றுதானே தோன்றும்? 1980-களின் தொடக்கத்தில் கடும் வறட்சி, கூடவே தந்தத்துக்கும் கொம்புக்கும் கள்ளவேட்டை. குனேனேயில் கறுப்புக் காண்டாமிருகம் அற்றுப்போகும் தறுவாய்க்கு வந்துவிட்டது.

அந்த நேரத்தில் கார்த் ஓவன்-ஸ்மித் என்ற வனவிலங்குப் பாதுகாவலர் ஊர்த் தலைவர்களிடம் போய் உட்கார்ந்து பேசினார். ஹெரேரோ, ஹிம்பா, டமாரா இனத் தலைவர்கள் தங்கள் ஆட்களிலிருந்தே காவலர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். சிறு தொகையும் ரேஷன் சாமானும்தான் கூலி. அவர்களில் பழைய வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். தடம் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். முக்கியமான விஷயம், காவலர் பதில் சொல்ல வேண்டியது தலைநகரத்து அதிகாரிக்கு இல்லை, தன் ஊர்த் தலைவருக்கு. பக்கத்து ஊரிலேயே யார் துப்பாக்கியோடு போனான் என்று தெரிந்துவிடும். கள்ளவேட்டை அடங்கியது. ஓவன்-ஸ்மித்தும் மானிடவியலாளர் மார்கரெட் ஜேக்கப்சனும் சேர்ந்து 1993-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது பெற்றார்கள்.

1990-இல் சுதந்திரம். 1996-இல் சட்டத் திருத்தம். ஊர் மக்கள் தங்கள் எல்லையை அக்கம்பக்கத்தோடு பேசித் தீர்த்து, உறுப்பினர் பட்டியல், சாசனம், தேர்ந்தெடுத்த குழு, வருமானத்தைப் பங்கிடும் திட்டம் எல்லாம் காட்டினால் கன்சர்வன்சியாகப் பதிவு செய்யலாம். அதற்குப் பிறகு விலங்குகள் மேலும் சுற்றுலா மேலும் பண்ணையாருக்கு இருந்த அதே மாதிரி உரிமை. 1998-இல் முதல் நான்கு பதிவாயின: நையே நையே, சலம்பாலா, டோரா, கோவாடி ஹோவாஸ். இப்போது 86. நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

டோரா கதையைக் கேளுங்கள். அங்கே இருப்பவர்களில் பலர் 1970-களில் தென்னாப்பிரிக்காவின் ரீம்ஃபாஸ்மாக் பகுதியிலிருந்து வலுக்கட்டாயமாகக் கொண்டுவந்து இறக்கப்பட்ட குடும்பங்கள். பழக்கமில்லாத கல்லாங்காடு, ஆட்டுப் பட்டி, யானை. அவர்கள்தான் 1996-இல் ஒரு சஃபாரி நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசி, டமாராலாந்து கேம்புக்கு ஒப்பந்தம் போட்டார்கள். தங்குமிட வருமானத்தில் 10% ஊருக்கு. வேலையில் ஊர்க்காரர்களுக்கு முன்னுரிமை. 2004-இல் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் விருது டோராவுக்குக் கிடைத்தது.

கோவாடி ஹோவாஸ் இன்னும் ஒரு படி போனார்கள். குரூட்பெர்க் மலை விளிம்பில் 2005-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு கட்டிய லாட்ஜ் முழுக்க அந்தக் கன்சர்வன்சியின் சொத்து. நடத்துவதற்கு மட்டும் தனியார் நிறுவனம். நடத்துகிறவர் சரியில்லையென்றால் மாற்றலாம். வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் உள்ள உறவு மாதிரி, வீட்டுக்காரர் இங்கே ஊர்.

அதனால் "எத்தனை சதவீதம் ஊருக்கு?" என்ற கேள்வியை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதல் கேள்வி: அந்த ஊர் "வேண்டாம்" என்று சொன்னால் லாட்ஜ் நிற்குமா? ஊர் மறுக்க முடிகிற இடத்தில் பத்து சதவீதமும் மரியாதையான காசு. மறுக்க முடியாத இடத்தில் இருபது சதவீதம் கொடுத்தாலும் அது மேலிருந்து போடுகிற படிதான்.

---

யாழ் நிலா

வணக்கம் செந்தில் அண்ணா. நான் லண்டனில இருக்கிறன். புவிண்டிக்குப் போய் மலைக் கொரில்லா பார்த்தனான், அதால உகாண்டா பற்றிக் கொஞ்சம் எழுதுறன்.

பெர்மிட் 800 டொலர். ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பேர், ஒரு மணித்தியாலம். ஒவ்வொரு பெர்மிட்டிலும் 10 டொலரும், பூங்கா நுழைவுக் காசில 20 வீதமும் பக்கத்துக் கிராமங்களுக்கு. ருவாண்டாவில பெர்மிட் 2017-இலிருந்து 1500 டொலர், பூங்கா வருமானத்தில 10 வீதம் ஊருக்கு. பள்ளிக்கூடம், தண்ணித் தாங்கி எல்லாம் வந்திருக்கு, என்ர கண்ணால பார்த்தன். கொரில்லாவும் பெருகியிருக்கு. மலைக் கொரில்லா மொத்தமே இப்ப ஆயிரத்துக்குச் சற்று மேல.

ஆனா விண்ட்ஹுக் அண்ணா கேட்ட அந்த முதல் கேள்வியை அங்க கேட்டா மனசு கனக்குது. அந்தக் காட்டுக்குள்ள வாழ்ந்த சனம் பட்வா. 1991-இல புவிண்டியை தேசியப் பூங்கா ஆக்கின நேரம் அவையை வெளிய அனுப்பிச்சினம். காணியும் இல்லை, நட்டஈடும் இல்லை. 2021-இல உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றமே பட்வாவுக்கு அநியாயம் நடந்தது எண்டு தீர்ப்புச் சொன்னது. நான் போன நேரம் ஒரு வயசான அம்மா தேன் எடுக்கிற மாதிரி, நெருப்பு மூட்டுற மாதிரி எங்களுக்குச் செய்து காட்டினவா. முடிஞ்சதும் காட்டுப் பக்கம் கையைக் காட்டி வழிகாட்டியிட்ட என்னவோ சொன்னா. "அந்த மரத்தடியிலதான் அவவின்ர அப்பாவைப் புதைச்சது, இப்ப போய்ப் பார்க்க ஏலாது" எண்டு அவர் எங்களுக்குச் சொன்னார்.

கொரில்லா பார்க்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. போங்கோ. கட்டாயம் பட்வாவையும் சந்தியுங்கோ. அந்தக் காசு ஆரின்ர கைக்குப் போகுது எண்டு முன்னமே கேட்டுப் போங்கோ.

---

கானகன்

நல்ல தகவல்கள். ஆனால் எல்லோரும் லாட்ஜ் இருக்கிற ஊரைப் பற்றியே பேசுகிறீர்கள். 86 கன்சர்வன்சியில் எத்தனைக்கு விருந்தாளி வந்து தங்குகிற அளவுக்கு மலையும் ஆறும் யானையும் அமைந்திருக்கிறது? மற்ற ஊர்களின் வருமானம் வேட்டை. வெளிநாட்டு வேட்டைக்காரர் பெரிய தொகை கட்டி ஒரு குடு மானையோ எப்போதாவது ஒரு யானையையோ சுடுகிறார். காசு கன்சர்வன்சிக்கு, இறைச்சி ஊருக்கு. 2016-இல் வந்த ஓர் ஆய்வு, வேட்டையை நிறுத்தினால் நமீபியாவில் பல கன்சர்வன்சிகளால் சொந்தச் செலவையே சமாளிக்க முடியாது என்று காட்டியது. நாம் கேமராவோடு போய் "ஊர் மக்கள் காப்பாற்றுகிறார்கள்" என்று மகிழ்கிறோம். அந்தக் காவலருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தே மகிழ வேண்டும்.

அடுத்தது சிங்கம். 1990-களின் நடுவில் குனேனே பாலைவனத்தில் இருபது சிங்கம் சொச்சம்தான் இருந்தது. பிறகு நூறைத் தாண்டியது. சஃபாரி நிறுவனங்களுக்குக் கொண்டாட்டம். வறட்சி வந்து ஸ்பிரிங்பாக்கும் வரிக்குதிரையும் சரிந்தபோது அந்தச் சிங்கங்கள் எங்கே போயின? பட்டிக்கு. சிங்கம் பட்டிக்குள் விழுந்தால் ஒரு ஆட்டோடு விடாது. அடைபட்ட ஆடுகள் மிரண்டு ஓட ஓட அடித்துப் போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு குடும்பத்தின் மொத்தச் சொத்தும் ஒரே ராத்திரியில் போகும். 2016-இலிருந்து உலகமெல்லாம் பேர்போன ஐந்து இளம் ஆண் சிங்கங்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. சுட்டும் விஷம் வைத்தும். வெளிநாட்டில் கண்ணீர் பெருகியது. ஆட்டை இழந்த கிழவிக்கு யார் அழுதார்கள்?

வேட்டையை நான் ஆதரிக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஆனால் மாற்று வருமானம் காட்டாமல் அதை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

---

தாரிணி

கானகன், சிங்கத்தைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. வேட்டையில் மட்டும் ஒரு கேள்வி. கென்யா 1977-இலேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது. அங்கே கன்சர்வன்சிகள் நிற்கவில்லையா?

---

கானகன்

தாரிணி, மாராவுக்கு வருடம் முழுக்க விமானம் விமானமாக ஆட்கள் இறங்குகிறார்கள். வில்டபீஸ்ட் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க உலகமே வருகிறது. போட்ஸ்வானாவைப் பாருங்கள். 2014-இல் வேட்டைத் தடை போட்டார்கள். ஒகவாங்கோ டெல்டாவின் நடுவில் இருந்த ஊர்கள் புகைப்படச் சுற்றுலாவுக்கு மாறிக்கொண்டன. வறண்ட ஓரத்தில் இருந்த ஊர்களுக்கு யானை மட்டும் மிஞ்சியது, வருமானம் போனது. ஊர்களில் கோபம் ஏறி, 2019-இல் தடையை எடுத்தார்கள். நிலத்துக்கு நிலம் பதில் வேறு.

---

விண்ட்ஹுக் வாசி

கானகன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன், மேலும் கொஞ்சம் சேர்க்கிறேன். 2024-இல் இங்கே வறட்சி முற்றியபோது அரசாங்கம் 83 யானை உட்பட 723 விலங்குகளை அடித்து இறைச்சியைப் பசித்த மக்களுக்குக் கொடுக்க முடிவெடுத்தது. வெளிநாட்டில் பெரும் கூச்சல். இங்கே மாவு தீர்ந்த வீடுகளில் அந்தக் கூச்சல் கேட்கவில்லை.

சிங்கத்துக்குச் சில வேலைகள் நடக்கின்றன. சிங்கக் காவலர்கள் என்று ஊர் இளைஞர்களையே நியமித்திருக்கிறார்கள். சிங்கத்தின் கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை. பட்டி இருக்கும் பக்கம் அது நெருங்கினால் எச்சரிக்கை போகும். காவலர்கள் போய் ஆடுகளை உள்ளே அடைக்கச் சொல்வார்கள், சத்தம் போட்டு விரட்டுவார்கள். பட்டியையும் ஆளுயரத்துக்கு மேல் உறுதியாகக் கட்டித் தருகிறார்கள். போதுமா என்றால் போதாது. நஷ்டத்துக்கு அரசு கொடுப்பது ஆட்டின் சந்தை விலைக்குக் கிட்டவே வராது.

இன்னொரு ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். இங்கே கன்சர்வன்சிக்கு விலங்கின் மேல் உரிமை உண்டு, சுற்றுலா மேல் உரிமை உண்டு. நிலம் அரசுடையது. வடகிழக்கில் சான் பழங்குடி மக்களின் கன்சர்வன்சிகளுக்குள் வெளியூர்ப் பணக்காரர்கள் மாட்டை ஓட்டிவந்து வேலி போட்டுக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கிய பிறகும் வேலியைப் பிடுங்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் விலங்குக்கு மட்டும் இருந்து மாட்டுக்கு இல்லாமல் போனால் பாதி அதிகாரம்தான். நான் நமீபியாவைப் புகழ்வது இந்தக் குறையோடு சேர்த்துத்தான்.

---

மலைக்கோட்டை செந்தில்

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. வீட்டில் மூவரும் உட்கார்ந்து படித்தோம். மகள் நமீபியா என்கிறாள், மனைவிக்குக் காண்டாமிருகத்தை நடந்தே போய்ப் பார்ப்பது பாதுகாப்பா என்று பயம். விண்ட்ஹுக் தம்பி, அது எப்படி நடக்கும் என்று கொஞ்சம் விளக்க முடியுமா? ஹிம்பா கிராமம் பார்ப்பது பற்றியும் சொல்லுங்கள். திட்டத்தில் "ஹிம்பா விசிட், இரண்டு மணி நேரம்" என்று இருக்கிறது. அது எனக்கு உறுத்துகிறது.

---

விண்ட்ஹுக் வாசி

அண்ணே, அண்ணியைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். தேசியப் பூங்காவுக்கு வெளியே, வேலியில்லாமல், தன்னிச்சையாகத் திரியும் கறுப்புக் காண்டாமிருகங்கள் உலகத்திலேயே அதிகம் இருப்பது குனேனேயில். 1982-இல் தொடங்கிய சேவ் தி ரைனோ டிரஸ்ட்டின் ஆட்களும் கன்சர்வன்சிகளின் காண்டாமிருகக் காவலர்களும் தினமும் அவற்றின் தடம் பிடித்துப் போகிறார்கள். நாம் போவது அவர்கள் பின்னால்.

விடியும் முன்பே கிளம்பி, ஊற்று இருக்கும் இடத்தில் இறங்கித் தடம் பார்ப்பார்கள். அங்கே மெல்க்போஸ் என்று ஒரு கள்ளிப் புதர், சாம்பல் பச்சைக் குச்சிகளாக நிற்கும். பால் பட்டால் மனிதருக்கு விஷம். காண்டாமிருகம் அதை ஆசையாகத் தின்னும். குச்சியைக் கடித்த இடம் கத்தரிக்கோலால் சாய்வாக நறுக்கினது போலச் சீராக இருக்கும். பால் இன்னும் ஈரமாகச் சொட்டுகிறதா, காய்ந்து வெள்ளையாகிவிட்டதா என்று காவலர் விரலால் தொடாமல் குனிந்து பார்ப்பார். ஈரமென்றால் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு கையில் மண்ணை எடுத்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். காற்றுக்கு எதிராகத்தான் நெருங்குவது. நூறு மீட்டருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். காண்டாமிருகத்துக்குக் கண் மங்கல், மூக்கும் காதும் கூர்மை. நீங்கள் படம் எடுக்கிற நேரத்தில் காவலர் அதன் காது மடலில் உள்ள வெட்டுக்குறி, கொம்பின் வடிவம், கூட வந்த கன்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். பத்து நிமிடத்தில் திரும்பிவிட வேண்டும், அதன் மேய்ச்சலைக் கெடுக்கக் கூடாது. சில நாள் கிடைக்காது. கிடைக்காவிட்டாலும் அந்த நடைக்கே காசு தகும்.

காவலர் தோள்பையில் ஒரு சின்ன மஞ்சள் நோட்டு இருக்கும். எதைப் பார்த்தாலும், எங்கே யானை வேலியை உடைத்தது, எங்கே கழுதைப்புலி ஆட்டைப் பிடித்தது என்று அதில் குறிப்பார். மாதக் கடைசியில் அலுவலகத்தில் பெரிய அட்டையில் கட்டம் கட்டமாகக் கையாலேயே நிரப்புவார்கள். கணினி இல்லாமலே கூட்டத்தில் எல்லோருக்கும் புரியும்: இந்த வருடம் சிறுத்தை தொல்லை கூடியதா, குறைந்ததா. அடுத்த வருடம் எத்தனை மான் அடிக்கலாம் என்ற பேச்சுக்கும் இதுதான் ஆதாரம். கணக்குக்காரனான எனக்கு நமீபியாவில் மிகப் பிடித்த ஆவணம் இதுதான்.

ஹிம்பா விஷயத்தில் உங்கள் உறுத்தல் நியாயம். ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி, டிரைவர் பேரம் பேசி, பெண்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகிற வழக்கம் இருக்கிறது. காசில் பாதி டிரைவரிடமே நின்றுவிடும். அதற்குப் பதில், அந்த ஊர் எந்தக் கன்சர்வன்சியில் இருக்கிறதோ அதன் வழியாக, அதே மொழி பேசும் வழிகாட்டியோடு போங்கள். தொகையை அவரே ஊர்ப் பெரியம்மாவிடம் உங்கள் எதிரில் கொடுப்பார். முதல் அரைமணி நேரம் கேமரா பையிலேயே இருக்கட்டும்.

சான் மக்களைப் பார்க்க விருப்பமென்றால் கிராஸ்ஹுக் ஊரில் சான் இனத்தின் ஒரு பிரிவான ஜு ஹோவான்சி மக்களே 2004-இலிருந்து நடத்தும் வாழும் அருங்காட்சியகம் இருக்கிறது. எதற்கு எவ்வளவு என்று விலைப்பட்டியலை நுழையும் இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். வேட்டை நடை, மணி கோர்ப்பது, நடனம், எது வேண்டுமோ அதற்குக் காசு. நடத்துகிறவர்களே பங்கிட்டுக்கொள்கிறார்கள். கடை மாதிரி இருக்கிறதே என்று சிலர் குறைசொல்வார்கள். அவர்கள் கடை, அவர்கள் விலை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

---

தாரிணி

மகிழ்ச்சியான இழையில் கசப்பைச் சேர்க்கிறேன், மன்னிக்கவும். டான்சானியாவுக்கு யாராவது திட்டம் போட்டால் லோலியோண்டோ பற்றிப் படித்துவிட்டுப் போடுங்கள். 2022 ஜூனில் செரெங்கெட்டிக்குப் பக்கத்தில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தை அளந்து கல் நட அரசாங்கம் போலீஸை இறக்கியது. மசாய் மக்கள் எதிர்த்தார்கள். ஒரு போலீஸ்காரர் உயிரிழந்தார், மக்கள் பலர் காயத்தோடு எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள். பாதுகாப்பு, சுற்றுலா என்ற பெயரில்தான் அது நடந்தது.

கலைவாணி அக்கா, கென்யாவிலும் எல்லாக் கன்சர்வன்சியும் மாரா மாதிரி இல்லை. வடக்கில் இசியோலோ பகுதியில் பிலிகோ புலேசா, செராப் என்ற இரண்டு கன்சர்வன்சிகளை, மக்களை முறைப்படி கேட்காமல் அமைத்தது சட்டத்துக்குப் புறம்பு என்று 2025 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது. போரானா மேய்ப்பர்கள் வழக்குப் போட்டு வென்றார்கள். பலகையில் "கம்யூனிட்டி" என்று எழுதியிருப்பதை வைத்து நம்பிவிட முடியாது.

---

கலைவாணி

உண்மைதான் தாரிணி. மாராவிலும் ஒரு குறை என்னை விட்டுப் போகவில்லை. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில். குத்தகைப் பணம் அவர்கள் கணக்குக்குப் போகிறது. விதவைகளுக்கும் பட்டா இல்லாத குடும்பங்களுக்கும் மணி வேலைப்பாடு விற்பதில் வருவதுதான். முகாமில் மணிமாலை வாங்கும்போது செய்தவர் யார் என்று கேளுங்கள். நாங்கள் போன இடத்தில் ஒவ்வொரு மாலையிலும் செய்த பெண்ணின் பெயர் எழுதிய சீட்டு கட்டியிருந்தது, தொகை அவருக்கே போய்விடும் என்றார்கள். அதே ஊர்ச் சந்தையில் இடைத்தரகர் மொத்தமாக வாங்கி விற்றதும் கண்முன்னே நடந்தது.

அதே வடக்கில் நல்லதும் நடக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். சம்புரு மக்களின் நமுன்யாக் பகுதியில் 2016-இல் ரெட்டெட்டி என்ற யானைக் காப்பகம் தொடங்கினார்கள். ஆப்பிரிக்காவிலேயே ஊர் மக்கள் சொந்தமாக நடத்தும் முதல் யானைக் காப்பகம். தாயை இழந்த குட்டிகளுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் கறந்து தரும் ஆட்டுப்பாலைக் காசு கொடுத்து வாங்கி ஊட்டுகிறார்கள். கிணற்றில் விழுந்த குட்டியைத் தூக்கிவிட இப்போது ஊரே கூப்பிட்டுச் சொல்கிறது. ஆடு வைத்திருக்கும் பெண்ணுக்கு யானைக்குட்டி பிழைப்பதில் நேரடிப் பங்கு வந்துவிட்டது.

---

மலைக்கோட்டை செந்தில்

நமீபியா என்று முடிவாகிவிட்டது. ஏஜென்டுக்கும் இரண்டு லாட்ஜுகளுக்கும் இன்று மின்னஞ்சல் அனுப்பப் போகிறேன். என்னென்ன கேட்க வேண்டும்?

---

விண்ட்ஹுக் வாசி

எந்தக் கன்சர்வன்சியின் எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். லாட்ஜ் கட்டிடம் யாருடையது, ஒப்பந்தம் எத்தனை வருடம், முடிந்தபின் யாருக்குப் போகும் என்று கேளுங்கள். ஊருக்குக் கொடுப்பது வருமானத்தில் பங்கா, லாபத்தில் பங்கா என்பது மிக முக்கியம். லாபத்தில் என்றால் கணக்கெழுதுகிறவர் நினைத்தால் லாபமே வராது, தொழிலில் இருப்பவன் சொல்கிறேன். மேலாளர், வழிகாட்டி பதவிகளில் ஊர்க்காரர் எத்தனை பேர் என்று கேளுங்கள். அறை துடைப்பதில் ஊர்க்காரர் இருப்பதை எல்லோரும் சொல்வார்கள். 2020-இல் கொரோனாவால் ஒரு விருந்தாளியும் இல்லாதபோது ஊருக்கு என்ன கொடுத்தீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். அந்த வருடம் பல கன்சர்வன்சிகளில் நிவாரண நிதி வந்துதான் காவலர் சம்பளம் ஓடியது. நேர்மையான லாட்ஜ் இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் எழுதும்.

மகளுக்கு உடல் உழைப்பில் விருப்பம் இருந்தால் இன்னொன்றும் யோசியுங்கள். பாலைவன யானைகள் தண்ணீருக்காக ஊர்த் தொட்டியையும் காற்றாலைக் குழாயையும் பெயர்த்துவிடும். அவற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்ப ஈ.எச்.ஆர்.ஏ. என்ற அமைப்பு தன்னார்வலர்களை அழைக்கிறது. ஒரு வாரம் கல் சுமந்து சுவர், அடுத்த வாரம் யானைகளின் தடம் பிடித்துப் போவது. யானை சுவருக்கு வெளியே தனக்கென விட்ட தண்ணீரைக் குடிக்கும், ஊருக்கு உள்ளே தொட்டி பத்திரம்.

---

கானகன்

செந்தில் சார், வேட்டை வருமானமும் அந்தக் கன்சர்வன்சிக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் போகாதீர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. தெரிந்து போங்கள், உங்கள் மகளிடமும் மறைக்காதீர்கள்.

விண்ட்ஹுக் நண்பரே, உங்கள் "வேண்டாம் என்று சொல்லும் உரிமை" வாதத்தில் ஒன்றில் மட்டும் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. நாளைக்கு ஒரு ஊர் சிங்கமே வேண்டாம் என்று முடிவெடுத்தால்?

---

விண்ட்ஹுக் வாசி

அந்தக் கேள்வி இங்கே கூட்டங்களில் எழுகிறது கானகன். சட்டப்படி ஊர் மட்டும் அதை முடிவுசெய்ய முடியாது, அமைச்சகத்துக்கு இறுதி அதிகாரம். ஆனால் ஊர் மனதார வேண்டாமென்று நினைத்துவிட்டால் எந்த அமைச்சகமும் சிங்கத்தைக் காப்பாற்ற முடியாது, ஒரு டப்பா விஷம் போதும். அதனால்தான் அந்தக் கோபத்தை ஊர்க் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்ல இடம் வேண்டும் என்கிறேன்.

---

கலைவாணி

செந்தில் சார், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி மறந்துவிடாதீர்கள். நமீபியா மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இல்லை, ஆனால் அடிஸ் அபாபா, நைரோபி வழியாக மாறிப் போனால் நமீபியாவிலும் கேட்கலாம், திரும்பும்போது நம்மூரிலும் கேட்கலாம். அட்டை இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும், அதனால் கடைசி நேரத்துக்கு வைக்க வேண்டாம். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும்.

---

விண்ட்ஹுக் வாசி

வண்டி நீங்களே ஓட்டுவதாக இருந்தால், இங்கேயும் இடதுபக்கம்தான், சர்வதேச ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள். கமான்ஜாபிலிருந்து குரூட்பெர்க் கணவாய் வரை சரளை ரோடு, டயர் கிழியும். இரண்டு ஸ்டெப்னி உள்ள வண்டியாகக் கேளுங்கள், காற்றைக் கொஞ்சம் குறைத்து, எண்பதுக்கு மேல் போகாதீர்கள். இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம், குடு மான் குறுக்கே பாயும்.

குரூட்பெர்க் லாட்ஜ் பட்ஜெட்டுக்கு மேல் போனால் அதே கோவாடி ஹோவாஸ் மக்களுடைய ஹோடா முகாம் பக்கத்திலேயே இருக்கிறது. பாறைகளுக்கு நடுவில் கூடாரம், வெந்நீர்க் குளியல், விலை பாதிக்கும் கீழே. காண்டாமிருக நடைக்கு லாட்ஜில் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாமா என்று எழுதிக் கேளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் இங்கே கூட்டம் அதிகமான மாதங்கள், இரண்டுக்கும் இந்த வாரமே எழுதிவிடுங்கள் அண்ணே.